குழப்படிப் பெட்டியும் பச்சைப் புள்ளியும்

முப்பது வருடமாக நான் சம்பளம் வாங்கியது குழப்படி செய்வதற்கு. சிரிக்க வேண்டாம், இனி உங்களுக்கும் அதுதான் தொழில். செய்தி அனுப்பும் மென்பொருளை ஒருவர் பாடுபட்டு எழுதுவார். அவர் எழுதி முடித்ததும் நாம் வழியில் போய் நின்று செய்தியைப் பறிப்போம், பிந்த விடுவோம், ஒன்றை இரண்டாக்குவோம், முன்னால் போனதைப் பின்னால் தள்ளுவோம். இத்தனைக்குப் பிறகும் மென்பொருள் ஒழுங்காக நடந்தால் "பாவிக்கலாம்" என்று கையெழுத்து வைப்போம். இவ்வளவுதான் வேலை. இதைப் பெரிய விஞ்ஞானம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் உங்களைக் கொண்டு சனிக்கிழமையும் வேலை செய்விக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

என் கதிரையில் இப்போது இருக்கும் கௌசி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவை விட எனக்கு வயது கூட. ஆனாலும் கிளிநொச்சிக் கந்தோரில் எல்லோருக்கும் நான் அக்காதான். ஒரு முறை ஒருவர் வாய் தவறி "அன்ரி" என்று கூப்பிட்டார். அவருடைய மென்பொருளை நான் சோதித்த விதத்தைப் பற்றி இன்றும் கதைக்கிறார்கள். கருவிகளைப் பற்றி எழுதச் சொன்னாள் கௌசி. மாட்டேன் என்றேன். நான் எழுதி முடிப்பதற்குள் அவை மாறிவிடும். அதற்குப் பதிலாக நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். அதை விட்ட அன்று அவள் பக்கத்தில் நின்றவள், ஒன்றையும் கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

கொழும்பில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இதை எப்படிக் குழப்பினாய்?" குழப்பிப் பார்க்காமல் சரியாக இருக்கிறது என்று சொன்னால் தாளைக் கையில் வாங்கவே மாட்டார். அவருக்குப் பயந்து பயந்து வலைப்பின்னலைக் குழப்பும் வித்தைகளை எல்லாம் பழகினேன். கிளிநொச்சிக்கு வந்த பிறகு அந்த வித்தைகளை ஒரு சின்னக் கணினிக்குள் போட்டு, செய்தி அனுப்பும் இயந்திரத்துக்கும் வெளியே போகும் இணைப்புக்கும் நடுவில் வைத்தேன். போகும் செய்தி, வரும் பதில் எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வர வேண்டும். திரையில் பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அமத்தினால் பத்தில் மூன்று செய்தி காணாமல் போகும். இன்னொன்றை அமத்தினால் பதில்கள் மட்டும் தொலையும். கௌசிதான் அதற்குக் குழப்படிப் பெட்டி என்று பெயர் வைத்தாள். நீங்கள் எல்லோரும் இப்போது பாவிப்பது அதனுடைய பேரப்பிள்ளையை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெயபுரத்துக்கு அங்கால் ஒரு குளம். பெயர் வேண்டாம். மழை குறைந்த சிறுபோகத்தில் அந்தக் குளத்துத் தண்ணீர் மட்டுமட்டாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் ஒரேயடியாகத் திறந்துவிட முடியாது. முறை வைத்து, ஒவ்வொரு காணிக்கும் இத்தனை மணித்தியாலம் என்று விடுவார்கள். யாருக்கு எப்போது முறை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது வட்டவிதானையின் வேலை. கமக்காரர் தங்களுக்குள்ளேயே தெரிவுசெய்கிற ஆள் அவர், அதே வாய்க்காலில் அவருக்கும் காணி உண்டு. ஊரில் விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் விதானையாரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு முழங்கால் வருத்தமும் இருந்தன. இரண்டில் எது முதலில் நிற்கும் என்று அவரே பகிடி விடுவார்.

அவருடைய ஓட்டத்தைக் குறைக்கத்தான் நாங்கள் மென்பொருள் செய்தோம். முறை வந்தவருக்குக் கைத்தொலைபேசியில் செய்தி போகும். விதானையாருடைய தொலைபேசியில் காணிக்காரர் எல்லோருடைய பெயரும் வரிசையாக இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அந்தத் தொலைபேசி பதில் அனுப்பியதும் சிவப்பு பச்சையாகும். பச்சை என்றால் விதானையார் போகத் தேவையில்லை. சிவப்பாகவே இருந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நேரில் சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன் கமக்காரர் கூடும் போகக் கூட்டத்தில் எல்லோரும் கையுயர்த்தி ஒரு தீர்மானமும் எடுத்தார்கள். பச்சை விழுந்தும் அரை மணித்தியாலத்துக்குள் காணிக்கு வராதவர் அந்த முறையை இழப்பார், தண்ணீர் அடுத்த காணிக்குப் போகும். தண்ணீர் வீணாகக்கூடாது இல்லையா, நியாயமான தீர்மானம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து தலையாட்டினேன்.

அந்த மென்பொருளை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. செய்திகளைத் தொலைத்தேன். இரண்டு நாள் பிந்த விட்டேன். ஒருவருக்கு ஒரே செய்தியை ஐந்து தரம் அனுப்பினேன். பதிலைப் பறித்து வைத்துக்கொண்டு, புள்ளி சிவப்பிலேயே நிற்கிறதா என்று நூறு தரம் பார்த்தேன். நின்றது. கௌசி எழுதியது அவ்வளவு நல்ல வேலை. எனக்குப் புழுகம் தாங்கவில்லை, பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தேன். ஒரு வாய்க்காலில் மட்டும் முப்பத்துச் சொச்சம் காணிகளுக்கு அந்தச் சிறுபோகத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினோம். முதல் மூன்று முறைகளும் ஒரு வில்லங்கமும் இல்லாமல் போயின. விதானையார் முழங்காலை நீட்டிக்கொண்டு வீட்டில் தேத்தண்ணி குடித்தார்.

நாலாவது முறையில்தான் புஷ்பராணி வந்தார்.

குளத்துக் கந்தோரில் காலையில் விதானையாரும் கௌசியும் நானும் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். புஷ்பராணி வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே வந்தார். வாய்க்காலின் கடைசிக் காணி அவருடையது, இரண்டு ஏக்கர். அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் பிறந்தது இங்கேதான். கணவர் மேசன் வேலைக்கு வவுனியாவுக்குப் போயிருந்ததால் அந்தப் போகம் முழுவதையும் தனியாளாகச் செய்துகொண்டிருந்தார். பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றுக்குள் இருக்கும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நெல் முழுக்கச் சப்பியாகிவிடும், வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அடுத்த முறைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பயிர் எட்டு நாள் தாங்காது.

தன்னுடைய முறை முதல் நாள் மத்தியானம் போய்விட்டதாகவும், தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றும் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கௌசி பதிவை எடுத்துப் பார்த்தாள். முறை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. செய்தி காலை ஒன்பது மணிக்குப் போயிருந்தது, அதே நிமிடத்தில் பதிலும் வந்திருந்தது. பச்சை. விதானையார் பச்சையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். அரை மணித்தியாலம் பார்த்தும் ஆளைக் காணாததால் தண்ணீரை அடுத்த கிளை வாய்க்காலுக்குத் திருப்பியிருக்கிறார். எல்லாம் எழுதியபடிதான் நடந்திருந்தது.

பிள்ளைகள், இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, திரையை அவர் பக்கம் திருப்பி, "இஞ்ச பாருங்கோ, செய்தி வந்திருக்கு. நீங்கள்தான் பாக்கேல்லை" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போனுக்கு வந்திருக்கலாங்க அக்கா. எனக்கு வரேல்லை."

என் வாயில் வந்தது இன்னொரு சட்டக் கதைதான். நல்ல காலம், கௌசி முந்திக்கொண்டு "உங்கட போன் எங்க இருக்கும் அக்கா?" என்று கேட்டாள். மரத்தில் என்றார் புஷ்பராணி. உப்பு அலுமாரிக்குள் இருக்கிறது என்று சொல்வதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னார். அந்த மரத்தை எனக்குத் தெரியும்.

இருந்தாலும் போய்ப் பார்த்தோம். வாய்க்கால் முடியும் இடத்தில், ஒழுங்கை திரும்பும் மூலையில் ஒரு பாலை மரம். அதன் கொப்பில் நைலோன் கயிறு போட்டு ஒரு நீல வாளியை உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது, அந்த உயரத்தில் மட்டும் கிடைக்கும். அதனால் ஐந்தாறு வீட்டுத் தொலைபேசிகள் பனி படாமல் பிளாஸ்ரிக் சொப்பின் பைகளில் சுற்றப்பட்டு வாளிக்குள் கிடக்கும். மணி அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் வாளியை இறக்குவார். செய்தி வந்தால் ஒரு சின்ன "டிங்", அது மரத்தில் இருக்கும் குருவிக்குத்தான் கேட்கும். வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் எல்லோரும் வாளியை இறக்கிப் பார்ப்பார்கள். முதல் மூன்று முறையும் செய்தி முதல் நாளே பின்னேரத்துக்கு முன் போயிருந்தது. அதனால் பிரச்சினை வெளியே வரவில்லை. இந்த முறை மேல்காணிக்காரர் ஒருவர் நேரத்துக்கு முன்பே பாய்ச்சி முடித்துவிட்டார், எங்கள் கெட்டிக்கார மென்பொருள் புஷ்பராணியின் முறையை முன்னுக்கு இழுத்து அன்று காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டது. அந்த நேரம் அவர் தூரத்தில் இன்னொருவருடைய கடலைத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வந்து வாளியை இறக்கியிருக்கிறார். காணிக்கு ஓடியிருக்கிறார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து அந்த வாளியைப் பார்த்திருந்தால் முதல் நாளே படம் பிடித்திருப்பார், இதென்ன என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. அந்தப் பாலை மரத்து நிழலில்தான் ஒவ்வொரு தரமும் எங்கள் வாகனத்தை விடுவோம். என்னுடைய தொலைபேசியையே ஒரு நாள் அந்த வாளிக்குள் போட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். என் வீட்டிலும் தொலைபேசி நாள் முழுக்க யன்னல் கம்பியில்தான் தொங்கும். நாளும் பார்க்கிற ஒன்றைப் பிழையாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. செய்தி தொலைவது, பதில் தொலைவது, இயந்திரம் பொய் சொல்வது எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். இயந்திரம் உண்மையைச் சொல்லும்போது ஆள் கடலைத் தோட்டத்தில் நிற்பதை மட்டும் செய்து பார்க்கவில்லை.

விதானையார்தான் அடுத்த குண்டைப் போட்டார். அந்த வாளிக்குள் தொலைபேசி வைத்திருக்கிற இன்னும் நாலு வீட்டுக்கு அடுத்த நாள் முறை.

கௌசி மடிக்கணினியை வாகனத்தின் முன்பக்கத்தில் வைத்துத் திறந்தாள். செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, ஆள் பார்த்து ஒரு பொத்தானை அமத்தினால்தான் பச்சை விழும் என்று மாற்றிவிடலாம், இருபது நிமிட வேலை என்றாள். அவள் சொன்னால் இருபது நிமிடம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் கண்டுபிடித்த வழியும் சரியான வழிதான், பிறகு நாங்கள் அதைத்தான் செய்தோம். ஆனால் அன்று வேண்டாம் என்றேன். அந்த மாற்றத்தை ஒருவரும் குழப்பிப் பார்க்கவில்லை. நாளைக்குத் தண்ணீர். அதில் ஒரு ஓட்டை இருந்தால் இன்று ஒருவருடைய பயிர், நாளைக்கு நாலு பேருடையது. முழுவதையும் நிறுத்திவிடுவோமா என்று கேட்டாள். நிறுத்தினால் யாருக்கு எப்போது என்கிற வரிசையே இல்லாமல் போய்விடும். அது கணினிக்குள் மட்டும்தான் இருந்தது. அதுவும் எங்களுடைய மடத்தனம்தான்.

மரத்தின் வேரில் குந்தி யோசித்தேன். அந்த மென்பொருள் எப்படியெல்லாம் நடக்கும் என்று எனக்கு உள்ளங்கைபோலத் தெரிந்த நிலை ஒன்று இருந்தது. பதில்கள் எல்லாம் தொலைந்துபோகிற நிலை. அதை நூறு தரம் செய்து பார்த்திருக்கிறேன். அப்போது செய்திகள் வழமைபோலப் போகும், வரிசை குழம்பாது, புள்ளிகள் மட்டும் கடைசி வரை சிவப்பாகவே நிற்கும். சிவப்பு என்றால் விதானையார் நேரில் போக வேண்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

கௌசியிடம் கந்தோருக்குப் போய்க் குழப்படிப் பெட்டியை எடுத்து நடுவில் பூட்டச் சொன்னேன். சோதனை இயந்திரத்தில் இல்லை, உண்மையான இணைப்பில். வருகிற பதில் எல்லாவற்றையும் விழுங்கு, ஒரு பச்சையும் வரக்கூடாது என்றேன். அவள் என்னை விசர் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பின்னேரத்துக்குள் பெட்டி வேலை செய்தது, பெயர்கள் எல்லாம் சிவந்துபோய் நின்றன.

சிரிக்காதவர் விதானையார் ஒருவர்தான். தான் ஓடாமல் இருக்கத்தானே இதைக் கொண்டுவந்தனீங்கள், இப்ப முப்பது வீட்டுக்கும் ஓட வைக்கிறியள் என்று முறையிட்டார். ஆனால் முறையிட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார். அடுத்த நாள் முறையிருந்த நாலு வீட்டுக்கும் அன்றே போய் நேரில் சொன்னார்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்தால் புதிதாக ஒன்றைச் செய்து காப்பாற்றிவிடத் துடிப்போம், கை துறுதுறுக்கும். அப்போது, நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் சோதித்த ஒரு கோளாறு உங்களுக்கு உதவுமா என்று முதலில் பாருங்கள். சோதிக்காத திருத்தத்தை விட அது எவ்வளவோ நம்பிக்கையானது.

சரி, நாளை முறை உள்ளவர்கள் தப்பினார்கள். புஷ்பராணியின் பயிர்?

அவருக்குத் தண்ணீர் கொடுப்பதானால் இன்னொருவருடைய முறையிலிருந்துதான் எடுக்க வேண்டும், குளத்தில் மேலதிகமாக ஒரு சொட்டும் இல்லை. அதை வாய்க்கால்காரர் கூடித்தான் தீர்மானிக்க முடியும். அவர்களிடம் அதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. முறையைத் தவறவிட்டது காணிக்காரருடைய கவலையீனம் என்றால் அவர் காத்திருக்க வேண்டியதுதான். பிழை முறை சொல்ல வேண்டியவருடையது என்றால், பிழை விட்டவர் தன் காணித் தண்ணீரிலிருந்து கொடுப்பார். பதிவின்படி பச்சை விழுந்திருந்தது. பதிவின்படி இது புஷ்பராணியின் கவலையீனம். பதிவு பிழை என்று யாராவது எழுந்து சொன்னால் ஒழிய அவருக்குத் தண்ணீர் இல்லை.

எங்கள் முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த கிழமை ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, மற்ற வாய்க்கால்களுக்கும் எங்கள் மென்பொருளைக் கொடுப்பதா என்று முடிவு செய்ய இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஏழு பேருடைய வேலை அதில் தங்கியிருந்தது, அதில் ஒன்று கௌசியுடையது. சிறிய தொழில்நுட்பத் தடங்கல் என்று சொல்லுங்கள், பிழை என்ற சொல் வேண்டாம், பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பதிவு சரியாகத்தான் இருந்தது. வீடு போகும் வழி முழுக்க அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனதின் அந்தரம் குறையவில்லை.

அடுத்த நாள் காலை வாய்க்கால் தொடங்கும் தலைப்பில், தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்து மருத மர நிழலில் கூடினார்கள். புஷ்பராணி ஒரு ஓரத்தில் நின்றார். விதானையார் நடந்ததைச் சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுந்தேன். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் கட்டி வைத்த நல்ல வசனம் ஒன்றும் அப்போது வரவில்லை.

"பச்சைப் புள்ளி பொய் சொல்லேல்லை" என்றேன். "ஆனா பச்சையைப் பாத்தால் ஆளுக்குத் தெரியும் எண்டு நம்பலாம், போய்ச் சொல்லத் தேவையில்லை எண்டு எழுதிக் குடுத்தது நான். வாளியை நானும் கண்டனான். கண்டும் யோசிக்கேல்லை. பிழை என்ரை."

தலைப்புக் காணிக்காரர் ஒருவர், நாக்கு நீண்ட மனிதர், உடனே கேட்டார்: "அப்ப வழக்கப்படி உங்கட காணித் தண்ணியை விடுங்கோவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வாய்க்காலில் ஒரு சாண் நிலம்கூட இல்லை. என் பிழைக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அந்தச் சிரிப்புக்கு நடுவில் நன்றாக உறைத்தது.

அப்போது விதானையார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அவா எழுதிக் குடுத்தவா சரி. காலமை போய்ச் சொல்லாமல் வீட்டில இருந்தது நான். மத்தியானம் அரை மணித்தியாலமாக் கடைசிக் காணியில ஒருத்தரும் இல்லை எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், புஷ்பராணி முறைக்கு வராமல் விடுற ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ? என்ரை முறையில பாதியை அவவுக்கு விடுறன்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நாக்கு நீண்ட அந்த மனிதர்தான் துருசைத் திறக்கத் திறப்பை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்து போனார்.

தலைப்பில் திறந்தால் கடைசிக் காணிக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று மணித்தியாலமாவது செல்லும். கௌசி கந்தோருக்குப் போய்விட்டாள். எனக்குப் போக மனம் வரவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு புஷ்பராணியோடு வாய்க்கால் வரம்பில் குந்தினேன். பக்கத்தில் மண்வெட்டியை நட்டு வைத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் கொப்பியை எடுத்து, இந்தச் செய்தி விஷயத்தில் இன்னும் என்னென்ன பிழைக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்டதுதான், உண்மையைச் சொல்கிறேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். வாளியில் ஒரே மாதிரி மூன்று போன் இருக்கிறது, ஆள் மாறி எடுத்துப் பார்த்தால்? மகள் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட அவசரத்தில் சொல்ல மறந்தால்? போனில் சார்ஜ் இறங்கி, கடையில் போட்டுவிட்டு வந்த நேரம் செய்தி வந்தால், கடைக்காரர் பார்ப்பாரா? கணவர் வவுனியாவுக்குப் போகும்போது போனைக் கொண்டுபோய்விட்டால், செய்தி வவுனியாவுக்குத்தானே போகும்? வாளியைக் குரங்கு இழுத்தால்? எழுத்து வாசிக்கத் தெரியாத சின்னம்மாவுக்கு யார் வாசித்துச் சொல்வது? நான் எழுதிக்கொண்டே போனேன். முப்பது வருடம் குழப்படி செய்தவள் நான். அவர் ஒரு மணித்தியாலத்தில் எனக்குச் சொன்னதில் பாதியை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. குரங்கைச் சேர்க்கலாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் எழுதினேன்.

மூன்று மணித்தியாலம் கழிந்தது. தண்ணீரைக் காணவில்லை. புஷ்பராணி எழுந்து நின்று மேற்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"செய்தி வந்து, நானும் பாத்து, இப்பிடி வந்து நிண்டும் தண்ணி வராட்டி? அதை உங்கட கணினிக்கு ஆர் சொல்லுறது அக்கா?"

அதையும் எழுதத் தொடங்கினேன். எங்களுடைய மென்பொருள் முழுவதும், என்னுடைய சோதனை முழுவதும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைப் பற்றியது. தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த மனிசிக்கு வேண்டியது செய்தியா என்ன?

அதை எழுதி முடிக்கவில்லை, மேல் வளைவில் விதானையாரின் சத்தம் கேட்டது. மாடுகள் இறங்கி வாய்க்கால் கரையை உடைத்திருந்தனவாம், மண் போட்டு அடைத்துவிட்டு வருகிறாராம். அவருக்கு முன்னால் சருகையும் தூசியையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. புஷ்பராணி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவருக்கு அதற்கு நேரமில்லை. எனக்கு அழுகை வந்தது. குடை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த கிழமை வந்த குழுவிடம் முகாமையாளரே நடந்ததைச் சொன்னார். பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். எங்களுக்கு இன்னும் ஒரு போகம் தவணை கொடுத்தார்கள். புஷ்பராணியின் காணியில் மேட்டுப் பக்கம் கொஞ்சம் சப்பியாய்ப் போனது, மற்றதெல்லாம் விளைந்தது. கௌசி அவருடைய கேள்விகளை எல்லாம் சுவரில் ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகக் குழப்பிப் பார்த்தாள். புதிய மென்பொருளில் ஆள் பொத்தானை அமத்தினால்தான் பச்சை. முறை தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் இன்னொரு கேள்வியும் போகும்: தண்ணீர் வந்ததா?

அடுத்த சிறுபோகத்தில் அது முதன்முதலாகப் போன காலை, எல்லோரும் கந்தோரில் திரையைச் சுற்றி நின்றோம். முகாமையாளரும் நின்றார். தலைப்புக் காணிகளிலிருந்து பதில்கள் வந்தன. ஓம், ஓம், ஓம். எல்லோருடைய முகத்திலும் சிரிப்பு. மத்தியானம் கடைசிக் காணியின் முறை வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. "இல்லை."

முகாமையாளரின் முகம் விழுந்துவிட்டது. கௌசி என் கையைப் பிடித்தாள். நான் சந்தோசத்தில் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன், அவர்களுக்குப் பயமாய்ப் போய்விட்டது. முப்பது வருடத்தில் எனக்கு வந்த பதில்களில் அதைப் போல ஒன்று வந்ததில்லை. புஷ்பராணி தன் வரம்பில் நின்று இல்லை என்று சொல்கிறார், பதினைந்து மைல் தள்ளி எனக்குக் கேட்கிறது. விதானையாருக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் ஏற்கெனவே தன் தொலைபேசியில் அதைப் பார்த்துவிட்டார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. போய்க்கொண்டிருக்கிறன் என்றார்.